ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இயந்திரத்தில் கை சிக்கியது, சாரத்திலிருந்து தவறி விழுந்தார், குழிக்குள் இறங்கிய மூவரும் மயங்கினர் என்று வேலைத்தள விபத்துச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. பெரும்பாலானவை, சடலம் எந்த வைத்தியசாலையில் வைக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பொலிஸ் நிலையம் விசாரிக்கிறது என்பதோடு முடிந்துவிடுகின்றன. அந்த இயந்திரத்துக்கான மின்சாரத்தை எங்கே துண்டித்திருக்க வேண்டும், துண்டித்த இடத்தில் பூட்டுப் போட்டிருந்தார்களா, குழிக்குள் இறங்குமுன் காற்றைச் சோதித்தார்களா என்ற விபரங்கள் வாசகருக்குக் கிடைப்பதில்லை. அதே மாதிரியான இயந்திரம் கொழும்பில் வேறு பல இடங்களில் அன்றும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே நிற்பவர் அந்தச் செய்தியைப் படித்து வருத்தப்படலாம். தன் வேலையில் எதை மாற்றுவது என்று அதிலிருந்து அவரால் அறிய முடியாது.

ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளிலும் பெரிய கட்டட நிறுவனங்களிலும் பாதுகாப்பு அலுவலர், பயிற்சி, பதிவேடு எல்லாம் ஓரளவுக்கு இருக்கின்றன. வெளிநாட்டுக் கொள்வனவாளர்கள் நேரில் வந்து பார்ப்பதும் அதற்கு ஒரு காரணம். என் கவலை சிறிய இடங்களைப் பற்றியது. கொட்டாஞ்சேனை, வாழைத்தோட்டம் அச்சகங்கள், கிராண்ட்பாஸ் பக்கத்து இரும்பு வேலைக் கடைகள், பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளின் பின்கட்டுகள், செட்டியார் தெருவின் நகைப் பட்டறைகள், பேக்கரிகள், மிளகாய் அரைக்கும் மில்கள் ஆகியவற்றில் ஐந்து பேரோ இருபது பேரோ வேலை செய்வார்கள். பாதுகாப்பு என்றால் அங்கே சுவரில் ஒரு பலகையும் மூலையில் ஒரு தீயணைப்பு சிலிண்டரும்தான். “பாதுகாப்பாக வேலை செய்யவும்” என்று எழுதிய பலகையால் எவருடைய விரலும் தப்பியதில்லை. எந்த சுவிட்சை எப்போது நிறுத்துவது, நிறுத்தியபின் எதைச் சோதிப்பது என்று அது சொல்வதில்லை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும், ஆபத்தான ஒவ்வொரு வேலைக்கும், அதைச் செய்பவரோடு உட்கார்ந்து அவர் பேசும் மொழியில் ஒரு தாளில் எழுதிய நடைமுறை வேண்டும். அது அந்த இயந்திரத்திலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரங்களின் அசையும் பகுதிகளுக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது. விபத்தில் ஒருவர் இறந்தாலோ, மூன்று நாட்களுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாமற் போனாலோ தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. நட்டஈட்டுக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் உங்கள் கடையிலுள்ள கட்டிங் மெஷினின் கத்தியை எப்படிக் கழற்றுவது என்று எந்தச் சட்டமும் எழுதித் தராது. அதை எழுதுவது முதலாளியின் பொறுப்பு. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலும் இது முடிகிற காரியமே.

கடதாசி வெட்டும் கட்டிங் மெஷினையே எடுத்துக்கொள்வோம். கத்தி இறங்குவதற்கு இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும் என்று அதை வடிவமைத்திருக்கிறார்கள். இரு கைகளும் பொத்தானில் இருக்கும்வரை கத்தியின் கீழே கை இருக்க முடியாது. நடப்பது வேறு. அவசர வேலை வரும்போது ஒரு பொத்தானில் மடித்த அட்டையைச் செருகி டேப் ஒட்டிவிடுகிறார்கள். ஒரு கை கடதாசிக் கட்டைப் பிடிக்க, மறு கை பொத்தானை அழுத்துகிறது. இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. கிளட்சோ பிரேக்கோ தேய்ந்துவிட்டால், மேலே போன கத்தி அங்கேயே நிற்காமல் யாரும் அழுத்தாமலே மறுபடி இறங்கும். வெட்டிய துண்டை எடுக்கக் கை உள்ளே போகும் நேரமும் அதுதான். மூன்றாவது, கத்தி மாற்றும் வேலை. கத்தி பாரமானது. போல்ட்டைக் கழற்றியதும் அதன் முழு எடையும் கையில் விழும். துணியால் சுற்றிப் பிடித்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு அந்தத் துணி கடதாசியைப் போலவே வெட்டுப்படும் என்பது தெரிவதில்லை.

ஆகவே அந்த மெஷினின் தாளில் காலையில் செய்யும் சோதனை முதலில் வர வேண்டும். இடது பொத்தானை மட்டும் அழுத்து. கத்தி அசையக் கூடாது. வலது பொத்தானை மட்டும் அழுத்து, அசையக் கூடாது. ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு சில விநாடிகள் கழித்து மற்றதை அழுத்து. அப்போதும் அசையக் கூடாது. இரண்டையும் சேர்த்து அழுத்தி, கத்தி பாதி வழியில் இருக்கும்போது ஒரு கையை எடு. கத்தி நிற்க வேண்டும். ஒளித்திரை உள்ள மெஷின் என்றால், கத்தி இறங்கும்போது ஒரு நீண்ட அட்டைத் துண்டை நீட்டி ஒளியை மறை; கத்தி நின்றாக வேண்டும். கையை நீட்டிச் சோதிக்கவே கூடாது. இவற்றில் ஒன்று பிசகினாலும் மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டிவிட்டுப் பொறுப்பாளரிடம் சொல். இவ்வளவுக்கும் சில நிமிடங்களே பிடிக்கும். பழைய மெஷின்கள் சில மூன்றாவது சோதனையில் தவறும். அவற்றின் பொத்தான் சுற்றில் இரண்டும் ஒன்றாக அழுத்தப்பட்டதா என்று பார்க்கும் ரிலே இருக்காது; அதைப் பொருத்திய பின்பே அந்த மெஷினில் வேலை செய்ய வேண்டும். வெட்டிய துண்டைக் கையால் இழுக்காமல் மரத் தள்ளுகட்டையால் தள்ளுவதும், கத்தியை அதற்கென்று வரும் கைபிடிச் சட்டத்தில் திருகி, போல்ட்டால் பிணைத்து, மரப்பெட்டிக்குள் வைத்தபின்னரே நகர்த்துவதும் அதே தாளில் அடுத்த வரிகள்.

தாள் எழுதும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுவலக மேசையில் எழுதினால் அது நிச்சயம் பொய்யாகிவிடும். இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, பழகிய தொழிலாளி உண்மையில் என்ன செய்கிறார் என்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் குறுக்கு வழியில் செய்வதையும் சேர்த்து. பிறகு ஒவ்வொரு படிக்கும் கேளுங்கள்: இங்கே எது சுழல்கிறது, எது விழலாம், எதில் மின்சாரம் இருக்கிறது, எது சூடு, கரண்ட் போய்த் திரும்பி வந்தால் என்ன நடக்கும்? ஆபத்தை அடியோடு எடுத்துவிட முடிந்தால் எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் தடுப்பு போடுங்கள். அதற்கும் வழியில்லாத இடத்தில்தான் விதி எழுத வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கடைசி. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் நாளே ஒரு பெட்டி கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். துளையிடும் மெஷினிலும் கடைசல் மெஷினிலும் கையுறை போடுவதே ஆபத்து. நூல் சுற்றிக்கொண்டால் விரலோடு இழுத்துவிடும். தாள் எழுதி முடிந்ததும் அந்த வேலையில் பழகாத ஒருவரிடம் கொடுத்து, மின்சாரம் இல்லாத நிலையில் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடம் தாளில் திருத்த வேண்டிய இடம்.

இனி, எல்லா இடங்களுக்கும் பொதுவானது, பூட்டும் சீட்டும். சுத்தம் செய்யும்போதும் திருத்தும்போதும் அடைப்பு எடுக்கும்போதும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்குவதால் வரும் விபத்துகளை இந்த ஒரு நடைமுறையால் தடுக்கலாம். நம்மவர்கள் ‘ஸ்டொப்’ பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே கையை விடுகிறார்கள். அந்தப் பொத்தான் கட்டுப்பாட்டுச் சுற்றின் சிறிய மின்சாரத்தை மட்டுமே துண்டிக்கிறது. மோட்டருக்கான 400 வோல்ட் மூன்று கட்ட (த்ரீ பேஸ்) மின்சாரம், மோட்டரை இணைத்துத் துண்டிக்கும் கொன்டாக்டர் என்ற சுவிட்ச் வரைக்கும் வந்தே நிற்கும். கொன்டாக்டரின் முனைகள் சில வேளை உருகி ஒட்டிக்கொள்ளும். அடுத்த அறையிலிருப்பவர் ‘ஸ்டார்ட்’டை அழுத்தவும் கூடும்.

கொழும்பில் இதைவிடப் பெரிய ஆபத்து மின்வெட்டு. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரைக்கும் மின்சாரம் நின்றது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. கரண்ட் இல்லாத நேரத்தில் மா பிசையும் மெஷினையும் மிளகாய் மில்லையும் கழுவுவது வழக்கம், அந்த நேரத்தில் வேறு வேலையும் இருக்காது. ஆனால் பல மெஷின்களில் சாதாரண சுவிட்ச்தான் இருக்கிறது. அது ‘ஒன்’ நிலையிலேயே நின்றால், கரண்ட் திரும்பி வந்ததும் பிசையும் கை உள்ளே இருக்கும் மனிதக் கையோடு சேர்ந்து சுழலும். தானாக ஓடத் தொடங்கும் ஜெனரேட்டர் உள்ள கட்டடத்தில் சில விநாடிகளே கிடைக்கும். மின்சாரம் போனதும் தானே விடுபட்டு, மறுபடி பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஓடும் ‘நோ வோல்ட்’ ஸ்டார்ட்டரைப் பொருத்தினால் தானாக ஓடும் ஆபத்து குறையும். மின்னிணைப்பாளர் ஒருவரால் அரை நாளில் முடிக்கக்கூடிய வேலை அது. ஆனால் அதைப் பொருத்தியதால் பூட்டுத் தேவையில்லை என்று ஆகிவிடாது.

பூட்டும் முறை இது. முதலில், அந்த இயந்திரத்தோடு தொடர்புள்ள எல்லோரிடமும் நிறுத்தப் போவதைச் சொல்ல வேண்டும். வழமையான முறையில் நிறுத்திவிட்டு, ஐசொலேட்டரைத் திருப்பி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஜெனரேட்டர் உள்ள இடத்தில் இந்த ஐசொலேட்டர், பொது மின் இணைப்பையும் ஜெனரேட்டரையும் மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்குப் பிறகு, இயந்திரத்தின் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்னால் உள்ளதை மட்டும் நிறுத்தினால் ஜெனரேட்டர் மின்சாரம் மறுபக்கத்தால் வந்துவிடும். பிறகு வேலை செய்யும் ஒவ்வொருவரும் தத்தமது ஆமைப்பூட்டைப் போட வேண்டும். மூன்று பேர் உள்ளே கை வைத்தால் மூன்று பூட்டு. திறப்பு அவரவர் சட்டைப் பையில். ஒரே பூட்டைப் போட்டு, திறப்பை மேற்பார்வையாளரின் மேசையில் வைப்பது பூட்டே போடாததற்குச் சமம். பல பூட்டுகள் மாட்டுவதற்கென்று துளையுள்ள கொக்கி விற்கிறார்கள்; பிரேக்கருக்கு மாட்டும் கிளிப்பும் இருக்கிறது. ப்ளக்கில் ஓடும் மெஷின் என்றால் ப்ளக்கைக் கழற்றி ஒரு சிறு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் போதும். பூட்டோடு மாட்டும் சீட்டில் பெயர், தொலைபேசி இலக்கம், திகதி, என்ன வேலை என்பது இருக்க வேண்டும். சீட்டு மட்டும் மாட்டினால் அதைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுபவர் வருவார்.

மின்சாரத்தைத் துண்டித்தாலும் இயந்திரத்துக்குள் சக்தி மிச்சமிருக்கும். பறக்கும் சில்லு (ப்ளைவீல்) முழுமையாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். காற்றழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். ஹைட்ரொலிக்கால் தூக்கிய பாகத்தை இறக்கி வைக்க வேண்டும், இறக்க முடியாவிட்டால் கட்டை வைத்துத் தாங்க வேண்டும். ஒற்றைக் கட்ட மோட்டரின் கப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். இதற்குப் பிறகு வரும் படியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள்: ஆட்களை விலக்கிவிட்டு ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்திப் பார்ப்பது. ஓடாவிட்டால்தான் சரியான சுவிட்சை நிறுத்தியிருக்கிறோம் என்பது உறுதி. பழைய கட்டடங்களின் மின்பலகையில் பெயர்கள் மாறிக் கிடக்கும். இரண்டாம் மாடியின் சுவிட்ச் முதலாம் மாடியின் மெஷினுக்குப் போயிருக்கும். அழுத்திப் பார்த்தபின் மறுபடி நிறுத்தும் நிலைக்குக் கொண்டுவருவதையும் மறக்கக் கூடாது.

வயர்களைத் தொடும் வேலை என்றால் அழுத்திப் பார்ப்பது போதாது. மீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் வைத்துச் சரிபார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் கட்டத்துக்குக் கட்டம், கட்டத்துக்கு நியூட்ரல், கட்டத்துக்கு எர்த் என்று பார்த்து, இறுதியில் மறுபடி முதல் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் மீட்டரின் பெற்றரி தீர்ந்திருந்தால் அது “மின்சாரம் இல்லை” என்றே காட்டும். நியோன் பல்பு உள்ள டெஸ்டர் ஸ்குரூ டிரைவரை நம்பி உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்றும் சிலர் சொல்வார்கள். அது எர்த்துக்குக் கசியும் மின்சாரத்தை மட்டுமே உணரும். ஒரு கை கட்டத்திலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அது விழாது. அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒரு முறையாவது அழுத்திப் பார்க்காத இடங்களில் அது கசிவுக்கும் விழுமா என்பது சந்தேகம்தான்.

வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணி, தடுப்பைத் திரும்பப் பூட்டி, ஆட்களை எண்ணி, ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே எடுக்க வேண்டும். பூட்டை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனவரின் பூட்டை வெட்டுவதற்கும் தாளில் வரி இருக்க வேண்டும்: அவர் கட்டடத்தில் இல்லை என்பதை உறுதிசெய்து, தொலைபேசியில் பேசி, பொறுப்பாளரே வெட்டி, மறுநாள் அவர் வேலையைத் தொடங்குமுன் அவரிடம் சொல்ல வேண்டும். இந்த வரி இல்லாத இடத்தில் இரும்பு வெட்டும் பிளேட் பேசத் தொடங்கும். பிறகு எவரும் பூட்டை மதிக்க மாட்டார்கள்.

அடுத்தது குழிகளும் தாங்கிகளும். 2018 ஏப்ரலில் ஹொரண பெல்லப்பிட்டியவில், இறப்பர் தொழிற்சாலையொன்றின் தாங்கிக்குள் விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்து ஐவர் இறந்தனர். இந்த வகை மரணங்களின் வடிவம் எங்கும் ஒன்றே. அமெரிக்காவின் தேசிய தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1986இல் விடுத்த எச்சரிக்கையில், அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 வீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று குறிப்பிட்டது. கொழும்பில் இது தொழிற்சாலைகளோடு நிற்பதில்லை. அடுக்குமாடிகளின் நிலக்கீழ்த் தண்ணீர்த் தாங்கி, உணவகங்களின் கழிவெண்ணெய் தேங்கும் குழி, கழிவுநீர்க் குழி, லிப்ட் குழி எல்லாமே இதில் அடங்கும். துப்புரவுக்கு ஆட்களை அன்றாடக் கூலிக்குப் பிடித்து இறக்குகிறார்கள். அந்த ஆட்களில் கணிசமானோர் தமிழ் பேசுபவர்கள்.

மனிதன் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் 20.9 வீதம். 19.5க்குக் கீழே இறங்கினால் உள்ளே போகக் கூடாது, 23.5க்கு மேலே போனால் சிறு பொறியும் பெருந்தீயாகும். அழுகிய சேற்றிலிருந்து வரும் ஐதரசன் சல்பைட்டு முதலில் கூழ்முட்டை நாற்றம் வீசும். அளவு 100 பிபிஎம்மை (பத்து இலட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமற் போகும். நாற்றம் நின்றுவிட்டது, காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைத்து இறங்குபவர் நேராக மரணத்துக்குள் இறங்குகிறார். அந்த வாயு காற்றைவிடப் பாரமானது. அடியில் தேங்கிக் கிடக்கும், காலால் சேற்றைக் கலக்கும்போது குபீரென்று கிளம்பும். மெழுகுதிரி கொளுத்தி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இந்த வாயுவைக் காட்டாது, மீதேன் இருந்தால் வெடிக்கும்.

ஒட்சிசன், எரிவாயு, ஐதரசன் சல்பைட்டு, காபனோரொட்சைட்டு ஆகியவற்றை அளக்கும் நாலு வாயு மீட்டர் இல்லாமல் இறங்கக் கூடாது. வாடகைக்கோ கூட்டாகவோ பெறலாம். மீட்டரின் குழாயை மேலே, நடுவே, அடியே என மூன்று மட்டங்களில் இறக்கி, ஒவ்வொரு மட்டத்திலும் எண் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். முதலில் ஒட்சிசனைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒட்சிசன் குறைந்த இடத்தில் எரிவாயுவை அளக்கும் பகுதி சரியாக வேலை செய்யாது. எரிவாயு, வெடிக்கத் தொடங்கும் கீழ் எல்லையின் 10 வீதத்தைத் தாண்டக் கூடாது. ஐதரசன் சல்பைட்டு 10 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. ஊதுவிசிறியால் வெளிக்காற்றை அடிவரை குழாய் மூலம் செலுத்தி, மறுபடி அளந்து, வேலை நடக்கும் நேரம் முழுவதும் மீட்டரை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். காற்றோட்டத்துக்கென்று ஒட்சிசன் சிலிண்டரைத் திறந்துவிடுவது தற்கொலை. பெற்றோல் பம்பைத் தாங்கிக்குள் இறக்கி ஓடவிட்டால் காபனோரொட்சைட்டு நிறையும். பம்பு வெளியே, குழாய் மட்டும் உள்ளே.

உள்ளே போகிறவர் முழு உடல் பட்டி (ஹார்னஸ்) அணிந்து, அதன் கயிறு குழிக்கு மேலே நிறுத்திய முக்காலியின் கைச்சுழற்றியோடு (வின்ச்) இணைந்திருக்க வேண்டும். மேலே நிற்பவருக்கு ஒரே ஒரு விதி: என்ன நடந்தாலும் அவர் உள்ளே இறங்கக் கூடாது. சுழற்றியால் தூக்குவார், கத்திக் கூப்பிடுவார், தீயணைப்புப் பிரிவின் 110ஐயும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் 1990ஐயும் அழைப்பார். இதை முன்கூட்டியே திரும்பத் திரும்பச் சொல்லி ஒத்திகை பார்க்காவிட்டால், உள்ளே விழுந்தவர் தன் தம்பியாகவோ மச்சானாகவோ இருக்கும்போது அவர் குதித்தே விடுவார். குதிப்பவரைக் குறை சொல்ல மனம் வராது. கயிறும் சுழற்றியும் கொடுக்காமல் அவரை அங்கே நிறுத்தியவரைத்தான் கேட்க வேண்டும்.

இரும்பு வேலைக் கடைகளுக்கு ஒரு வார்த்தை. நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்றுச் சுற்றும். ஏழு அங்குல வெட்டுத் தட்டு சாதாரணமாக 8,500 சுற்றுக்கே செய்யப்பட்டது. தடுப்பைக் கழற்றிவிட்டு இந்தத் தட்டை அந்த கிரைண்டரில் மாட்டினால் அது வெடித்துச் சிதறுவது வெறும் நேரத்தின் கேள்விதான். தட்டில் அச்சிட்டிருக்கும் சுற்று எண் கிரைண்டரின் எண்ணைவிடக் கூடியதா, காலாவதித் திகதி தாண்டிவிட்டதா என்று இரண்டு விநாடியில் பார்க்கலாம். புறக்கோட்டைத் துணிக்கடைகளுக்குள் வெல்டிங் செய்பவர்கள் பத்துப் பதினொரு மீற்றர் சுற்றளவில் எரியக்கூடிய எதையும் விடக் கூடாது; நகர்த்த முடியாததை தீ பிடிக்காத விரிப்பால் மூட வேண்டும்; வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கே காவல் இருக்க வேண்டும். துணிப் பொதிக்குள் விழுந்த பொறி உடனே எரியாது. கனன்றுகொண்டே இருந்து, கடை பூட்டியபின் எரியும். ஆறு கிலோ பவுடர் சிலிண்டர் இருபது விநாடிக்குள் தீர்ந்துபோகும் என்பதையும், மாடிப்படியில் அடுக்கிய சரக்கே வெளியேறும் வழியை அடைக்கிறது என்பதையும் அங்குள்ள முதலாளிமார் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

காலி வீதியில் பெயர்ப்பலகை மாட்டுபவர்கள் அலுமினிய ஏணியை மின்கம்பிக்குப் பக்கத்தில் நிமிர்த்துவதை இன்றும் காணலாம். அங்கே பைபர் ஏணியே வேண்டும். நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி வீதம் அடியை வெளியே தள்ளி வைத்து, மேலே கட்டி, ஏறும் தளத்துக்கு மேல் ஒரு மீற்றர் நீண்டிருக்கும்படி வைக்க வேண்டும்.

மொழிக்கு வருகிறேன். தாள் எழுதப்படும் இடங்களிலும் அது ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்பட்டு, தமிழ் கடைசியில், எவரும் பேசாத சொற்களில் வருகிறது. ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த பிள்ளைகள் அதைப் படித்து விளங்கிக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர்கள் பெல்ட் என்று சொன்னால் நீங்களும் பெல்ட் என்றே எழுதுங்கள். வாசிக்கச் சிரமப்படுபவருக்கு அதே மெஷினின் படங்களை எடுத்து, தொடக்கூடிய இடத்தைப் பச்சையிலும் தொடக்கூடாததைச் சிவப்பிலும் காட்டுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டால் பயிற்சி முடிந்ததாகாது. செய்து காட்டி, அவரைச் செய்யவைத்து, ஏன் அப்படிச் செய்கிறோம் என்று அவர் வாயால் சொல்லக் கேட்க வேண்டும். வேலைக்குப் புதியவர்களுக்கு முதல் மாதமே மிக ஆபத்தானது. மேன்பவர் நிறுவனம் அன்று காலை அனுப்பிய ஆளுக்கோ முதல் மணித்தியாலமே ஆபத்தானது. தாளைக் காட்டாமல் அவரை மெஷினில் நிறுத்தக் கூடாது என்பதை எழுதி வையுங்கள்.

தாள் ஒட்டிய பிறகும் தப்பிய விபத்துகளுக்கென்று ஒரு கொப்பி வேண்டும். கத்தி இரண்டு முறை இறங்கியது, ஆனால் கை உள்ளே இல்லை என்ற ஒரு வரி, பிரேக் தேய்ந்திருப்பதை விரல் போகுமுன் சொல்லிவிடும். எழுதியவரைத் திட்டினால் மறுநாள் கொப்பி வெறுமையாகவே இருக்கும். சிறு காயங்களுக்குப் பொலிஸ், திணைக்களம் என்று அலைய வேண்டுமே என்று மறைப்பதும் நடக்கிறது. தொழிலாளியின் நட்டஈட்டு உரிமை அதோடு அடிபட்டுப்போகிறது.

தொழில் திணைக்களத்தின் கைத்தொழிற் பாதுகாப்புப் பிரிவிடமும், 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நம் நாட்டின் தேசிய தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்திடமும் ஒரு கோரிக்கை. கட்டிங் மெஷின், மா பிசையும் மெஷின், மிளகாய் மில், கிரைண்டர், கழிவுநீர்க் குழி ஆகிய ஐந்துக்கும் மாதிரித் தாள்களைப் பேச்சுத் தமிழில், படங்களோடு, இலவசமாக வெளியிடுங்கள். மெஷினுக்கு மெஷின் வேறுபடும் இடங்களை வெற்றிடமாக விட்டால் கடைக்காரர் தன் மெஷினைப் பார்த்து நிரப்பிக்கொள்வார். புறக்கோட்டை வர்த்தகச் சங்கங்கள் அவற்றை அச்சிட்டுத் தம் அங்கத்தவர்களுக்குக் கொடுக்கலாம். தங்கள் பத்திரிகையும், வேலைத்தள விபத்துச் செய்தி வெளியிடும்போது எந்த வகை மெஷின், என்ன வேலையின்போது, மின்சாரம் துண்டிக்கப்பட்டுப் பூட்டப்பட்டிருந்ததா என்ற மூன்று விபரங்களை நிருபர்கள் விசாரித்துச் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொழிற்பாதுகாப்புத் துறையில் பணியாற்றும் வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.